தோட்டத்தில் வந்த மஞ்சள் கூழ்: ஒரு பெயரின் வரலாறு

மழை விட்ட மறுநாள் காலை. வீட்டுப் பின்புறம் தென்னை மட்டையும் சருகும் மக்கிக் கிடக்கும் இடத்தில், பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் கூழ் மாதிரி ஏதோ ஒன்று. முதல் நாள் அது அங்கே இல்லை!

வேறு ஊராக இருந்தால் "ஏதோ காளான்" என்று விட்டுவிடுவார்கள். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் அப்படி விட முடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வந்து எண்ணூர் கழிமுகத்தை மூடியது. அதே மாதக் கடைசியில் அம்மோனியா வாயுக் கசிவு. அதனால் இங்கே எழும் முதல் கேள்வி, "இது எந்தக் கம்பெனிக் கழிவு?" என்பதுதான். சந்தேகம் நியாயமானது. ஆனால் இந்தக் கூழ் பெரும்பாலும் கழிவு அல்ல, ஓர் உயிர். ஸ்லைம் மோல்டு, தமிழில் சளிப்பூஞ்சை. தோட்டங்களில் அடிக்கடி காணப்படும் மஞ்சள் வகையின் பெயர் ஃபுலிகோ செப்டிகா.

இது என்ன என்று கண்டுபிடிக்க அறிஞர்களே திண்டாடினார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். 1763-ல் லின்னேயஸ் இதைப் பூசணங்களோடு சேர்த்தார். 1859-ல் ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி, இதன் வித்துகளிலிருந்து அமீபா போன்ற உயிர்கள் வெளிவருவதைப் பார்த்துவிட்டு, இது தாவரமல்ல, விலங்குக்கு நெருக்கமானது என்றார். இன்று இது அமீபாக்களின் கூட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பெயரில்தான் பூஞ்சை!

இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1950-களில் வி. அக்னிஹோத்ருடு என்ற ஆய்வாளர் தென்னிந்தியச் சளிப்பூஞ்சைகளைப் பற்றித் தொடராகக் கட்டுரைகள் எழுதினார். டி.எஸ். சதாசிவன் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகம் பூஞ்சை ஆராய்ச்சியில் பேர் வாங்கிய காலம் அது. பிறகு 1977-ல் கே.எஸ். திண்டு, இந்தியச் சளிப்பூஞ்சைகளைத் தொகுத்து ஒரு நூலாகவே வெளியிட்டார்.

பெயர் தெரியாவிட்டால் என்ன ஆகும்? 1973-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகருக்கு அருகே ஒரு வீட்டுத் தோட்டத்தில் இது முளைத்தபோது, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஜந்துவோ என்று பீதி கிளம்பியது. கடைசியில் பூஞ்சையியல் அறிஞர் ஒருவர் பார்த்து இதே ஃபுலிகோ செப்டிகாதான் என்றதும் பயம் அடங்கியது.

அடையாளம் காண்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஒரு நாள் பொறுத்துப் பார்த்தால் போதும். கூழாக இருக்கும்போது இது பாக்டீரியாவைத் தின்றபடி மிக மெதுவாக நகரும். பிறகு மேலே ஓடு மாதிரி காய்ந்து வெளிறும். குச்சியால் உடைத்தால் உள்ளே கரும்பழுப்புப் பொடி, அதுதான் வித்து. எண்ணெயோ பெயிண்டோ இப்படி இடம் மாறாது, பொடியாகவும் ஆகாது. செடிக்கு இதனால் நோய் வராது. ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்கள் மட்டும் பொடியைக் கிளறாமல் இருப்பது நல்லது. வேண்டாமென்றால் மண்வெட்டியால் அள்ளிப் போட்டுவிடலாம்.

இயற்கை எது, கழிவு எது என்று பிரித்துச் சொல்லத் தெரிவது வடசென்னைக்குச் சும்மா பொது அறிவு அல்ல. மஞ்சள் கூழைப் பார்த்துப் புகார் கொடுத்து அது சளிப்பூஞ்சை என்று ஆகிவிட்டால், நாளை உண்மையான கழிவைக் காட்டும்போது "போன தடவை மாதிரிதானே" என்று தட்டிக்கழிக்க ஒரு சாக்கு கிடைத்துவிடும். இது கழிவு இல்லை என்று சொல்லத் தெரிந்தவர், அது கழிவுதான் என்று சொல்லும்போது அந்தப் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கும்.