தரங்கம்பாடிக் கோட்டை

பெரம்பலூர்ச் சீமையார்க்குக் கோட்டையென்றால் ரஞ்சன்குடிக் கோட்டையே முதலில் நினைவுக்கு வரும். அதன் அகழியும் கருங்கல் மதிலும் 1751-ஆம் வருஷத்துச் சண்டையும் நம் குரும்பலூர்ச் சிறுவரும் கேட்டறிந்தனவே. கடலை நோக்கி நிற்கும் கோட்டையின் தன்மையோ வேறு. அதனைக் காணும்பொருட்டு நம் சங்கத்துக் குடும்பங்கள் சில அரியலூர், ஜயங்கொண்டம், அணைக்கரை மார்க்கமாகத் தரங்கம்பாடிக்குச் சென்று வந்தோம். கண்ணாற் கண்டதினும் அதன் சரித்திரம் பெரிதாகலின், அதனை அங்கத்தினர்க்கு ஈண்டு எழுதலாயினோம்.

டென்மார்க்கு தேசத்தார் 1616-ல் ஒரு கும்பினி கூட்டி, இரண்டு வருஷங் கழித்து ஓவே கெட்டே என்னும் தலைவரின்கீழ் இலங்கைக்குக் கப்பல்கள் விடுத்தனர். கண்டியரசரோ அதற்குள் போர்த்துக்கீசியருடன் சமாதானஞ் செய்துகொண்டார். வந்த காரியம் பலிக்கவில்லை. முன்னே சென்ற ஒரு கப்பலும் காரைக்காலருகே போர்த்துக்கீசியரால் அழிந்தது. அதிற் பிழைத்த ரோலண்டு கிராப்பே என்பவர் தஞ்சை ரகுநாத நாயக்கரைச் சரணடைந்தார். அவ்வழியே 1620 நவம்பரில் உடன்படிக்கை நிறைவேறி, வருஷம் 3,111 ரூபாய் வாடகைக்குத் தரங்கம்பாடி கிடைத்தது. ஆகவே இக்கோட்டை வென்ற மண்ணில் எழுந்ததன்று; குடிக்கூலி மண்ணில் எழுந்தது!

நாயக்க மன்னர் டென்மார்க்கு அரசருக்குப் பொன்னோலையில் தமிழில் வரைந்த திருமுகம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் களரியிற் பத்திரமாக இருக்கின்றது. நம் வீடுகளில் முன்னோர் விட்டுச்சென்ற கிரய ஓலைகள் பரண்மீது செல்லரித்துக் கிடக்கின்றன. இதனை எண்ணி யாம் நாணினோம்.

நிற்க. இக்கோட்டையின் சரித்திரத்தில் எம்மை மிகவுங் கவர்ந்தது 1643 முதல் 1669 வரையுள்ள காலமே. அவ்விருபத்தாறு வருஷங்களிலும் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலேனும் வரவில்லை. 1650-ல் கும்பினியே கலைக்கப்பட்டது. இருந்தோர் இறந்தும் விலகியும் போக, 1655-ல் எஞ்சிய டேனியர் எஸ்கில்டு ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே ஒருவரே. அவர் பிரபுவுமல்லர், கல்விமானுமல்லர்; சாமானியர். உள்ளூரார் துணைகொண்டு கோட்டையிற் கொடியை இறக்காது காத்தார். வாடகைப் பாக்கிக்காக நாயக்கர் படை பலமுறை முற்றுகையிட்டது. அவர் வங்கக் கடலிற் கப்பல்களைப் பிடித்து, அச்சரக்கு விற்ற பணத்தால் ஊரைச் சூழ மதிலெடுத்து, ஈற்றில் நாயக்கருடன் ராஜியுஞ் செய்துகொண்டார். பிறர் கப்பலைப் பறித்தது தர்மமன்று. அதனை யாம் புகழோம். ஆயினும் கேட்பாரற்ற இடத்தில், சம்பளமும் உத்தரவும் வாராத காலத்தில், ஒப்படைத்த பொருளைக் கைவிடாதிருந்த உறுதி எளிதானதா? 1669-ல் கப்பல் வந்தபோது அவரையே அதிபதியாக நியமித்தனர்.

கோட்டையின் கீழ்த்தளம் பண்டசாலையும் சிறையுமாகப் பயன்பட்டது. 1706-ல் வந்த சீகன்பால்கு பாதிரியாரை டேனிய அதிகாரியே இங்கு நான்கு மாதம் சிறைவைத்தார். பின்னர்த் தமிழில் அச்சேறிய புதிய ஏற்பாடு அவர் செய்த மொழிபெயர்ப்பேயாம். மேல்தளத்து மண்டபத்தில் நான்கு குவிமாடங்களின் பாரத்தையும் நடுத்தூண் ஒன்றே தாங்குகின்றது. எம்முடன் வந்த பெண்மக்கள் அத்தூணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து அதிசயித்தனர்.

ஆங்கிலேயர் 1801-லும், மீண்டும் 1808-லும் இவ்வூரைக் கைப்பற்றித் திருப்பிக் கொடுத்தனர். முடிவில் 1845-ல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் சீராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு அவர்களுக்கே கிரயமாயின. கோட்டை பின்னர்ப் பிரயாணிகள் விடுதியாயிற்று. 1978-க்குப் பின் தொல்பொருள் இலாகாவின் வசமாகி, இப்போது காட்சிசாலையாக உள்ளது.

கோட்டையைக் கண்டவர்கள் அருகிலுள்ள மாசிலாமணிநாதர் ஆலயத்தையும் அவசியம் தரிசிக்கவேண்டும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல், எழுந்த அவ்வாலயம் கோட்டைக்கு முந்நூறு வருஷம் மூத்தது. அதன் முன்பாகத்தைக் கடல் அரித்துக்கொண்டுபோயிற்று. எஞ்சிய பகுதியில் இன்றும் பூஜை நடைபெறுகின்றது.