இணைய நிலப்பட வீழ்ப்புகள்

நிலப்பட வீழ்ப்பு என்பது புவிக்கோளத்தின் அகலாங்கு, நெட்டாங்குகளைத் தட்டைப் பரப்பின் புள்ளிகளாக மாற்றும் கணக்கு. நிரலாளர் வழக்கில் இது புரொஜெக்‌ஷன். அச்சுப்படத்துக்கு இக்கணக்கை ஒரு தடவை போட்டால் போதும். நிரல்வழிப் படத்தில், பக்கம் திறக்கும் போதெல்லாம் உலாவியே அதைப் போட்டு வரைகிறது.

எந்த வீழ்ப்புக்கும் முன்னால் எங்கிருந்து அளப்பது என்ற கேள்வி நிற்கிறது. புதுச்சேரிக்கு இதில் இரட்டைக் கணக்கு இருந்தது. பாரிஸ் நெட்டாங்கைத் தொடக்கமாகக் கொண்ட பிரெஞ்சுப் படங்களில் நகரம் ஏறத்தாழ 77½ பாகையில் நிற்கும்; கிரீனிச் கணக்கில் 79.8. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண வந்த வானியலாளர் ல ழாந்தி, 1769 ஜூனில் மேகம் மறைத்ததால் ஏமாந்தவர். ஆனாலும் இவ்வூரின் நெட்டாங்கைக் கணித்திருந்தார். ஆங்கிலேயர் தரப்பில் லாம்ப்டன் 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்தார். அந்த அளவைப் பணியின் தொடர்ச்சியாக 1830இல் புவியின் உருவத்துக்கான கணித மாதிரியாக எவரெஸ்ட் நீள்கோளம் வந்தது. இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு மாதிரி. இரண்டையும் கலந்தால் தமிழகக் கரையில் ஓர் ஊர் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து விழும்.

வீழ்ப்புக் கணக்கைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனத்தின் ஜெரால்ட் எவண்டன். 1980களில் அவர் எழுதத் தொடங்கிய புரொஜ் நிரல் இன்றும் புழக்கத்தில் உள்ளது. 1993இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகம் வலையில் முதல் ஊடாட்டப் படத்தை வைத்தது. பரவலான பழக்கத்தை உண்டாக்கியது 2005இல் வந்த கூகுள் மேப்ஸ்தான். அது உலகை 256 படப்புள்ளிச் சதுர ஓடுகளாக வெட்டி அனுப்பியது. 1569இல் மெர்காட்டர் மாலுமிகளுக்காக வகுத்த முறையைச் சற்றே எளிமையாக்கி, உலகம் சரியான சதுரமாக வரும்படி வடக்கிலும் தெற்கிலும் 85.05 பாகையோடு நறுக்கிவிட்டது. கூகுள் என்ற சொல்லை எண்களால் எழுதியதுபோலத் தோன்றும் 900913தான் இந்த முறைக்கு நிரலாளர் இட்ட செல்லப்பெயர். இத்தகைய முறைகளுக்கு எண்ணிடும் தரநிலைக் குழு முதலில் முகம் சுளித்து, பிறகு 3857 என்ற எண்ணைக் கொடுத்தது.

ஓடுகளின் வசதிக்குக் கொடுத்த விலை பெரிது. 21 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கிரீன்லாந்து, 32 லட்சத்தைத் தாண்டிய இந்தியாவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரிகிறது.

2011இல் மைக் போஸ்டாக்கும் ஸ்டான்ஃபோர்டு குழுவினரும் வெளியிட்ட டி3 நிரல் நூலகம் மெர்காட்டரின் இந்த ஒற்றையாட்சியை உடைத்தது. ஜேசன் டேவிஸ் போன்றோர் பங்களிப்பில் பத்துக்கணக்கான வீழ்ப்புகள் அதில் சேர்ந்தன. நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினால் அதே தரவு வேறு உலகமாக விரியும். 180ஆம் பாகையில் நிலத்தைச் சரியாக வெட்டுவதும், வளையும் கோட்டுக்குத் தேவையான இடத்தில் மட்டும் கூடுதல் புள்ளி சேர்ப்பதும் இதன் உண்மையான சாதனைகள்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியை வரைவோருக்கு வீழ்ப்பைவிட எல்லையே தலைவலி. காரைக்கால், மாஹே, ஏனாம் தனித்தனி. புதுச்சேரி வட்டாரமும் தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடக்கிறது. பாகூர் பக்கத்துக் கரையாம்புத்தூர் அந்த எல்லையோரம்தான். எனவே எல்லைப் புள்ளிகளை எழுதும் ஜியோஜேசன் கோப்பில் இதைப் பல்பலகோண வடிவமாகவே எழுத வேண்டும். கோப்பின் எடையைக் குறைக்கப் புள்ளிகளைக் கழிக்கும்போது முதலில் காணாமல் போவது இத்தகைய சிறு துண்டுகளே. இன்னொரு பொறியும் உண்டு. 2016இல் வந்த ஜியோஜேசன் தரம் வெளிவிளிம்பை இடஞ்சுழியாக எழுதச் சொல்கிறது. டி3 வலஞ்சுழியை எதிர்பார்க்கிறது. சுற்று மாறினால் கரையாம்புத்தூருக்குப் பதில் அதைத் தவிர்த்த பூமி முழுவதும் நிறம் ஏறிவிடும்!

2018இல் பரப்பளவைக் காக்கும் ஈக்வல் எர்த் வீழ்ப்பு வெளியானது. அதே ஆண்டு கூகுள் மேப்ஸ் கணினித் திரையில் முழுதாகச் சுருக்கினால் கோளமாகத் தெரியத் தொடங்கியது. ஆயினும் ஓடுகள் மெர்காட்டரிலேயே நிலைத்துள்ளன. கரையாம்புத்தூரின் அகலாங்கில் அந்த முறை நீளத்தை இரண்டு விழுக்காடு அளவே மிகைப்படுத்துவதால், ஊர்த் தெருவை வரைய அதுவே போதும். நாடுகளின் மக்கள்தொகையையோ விளைச்சலையோ நிறமிட்டு ஒப்பிடும் உலகப் படத்துக்கு அதைப் பயன்படுத்துவது பிழை.