மதிப்பெண்ணுக்கு முன்னும் பின்னும்: அடுகோடியிலிருந்து பார்க்கும் ஒரு திரைப்பட மதிப்பீட்டு வரலாறு

2004-ஆம் ஆண்டில் கன்னடத் திரைத்துறை ஒரு முடிவெடுத்தது. பிறமொழிப் படங்கள் வெளியாகி ஏழு வாரங்கள் கடந்த பின்னரே கர்நாடகத்தில் திரையிடப்பட வேண்டும் என்பதே அம்முடிவு. கன்னடப் படங்களுக்குத் திரையரங்குகள் கிடைப்பதில்லை என்ற நியாயமான குறை அதன் பின்னணியில் இருந்தது. கட்டுப்பாடு நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஆயினும் அது நடைமுறையில் இருந்த வரையில் பெங்களூருவின் தமிழ்ப் பார்வையாளர் ஒரு விசித்திரமான நிலையில் வைக்கப்பட்டார். படம் அவரை வந்தடைவதற்கு முன்பே அதைப் பற்றிய தீர்ப்பு வந்தடைந்துவிடும். சென்னையில் அச்சான வார இதழ் ஏழு முறை வந்து போயிருக்கும். ஓசூர்ச் சாலைத் திரையரங்கில் அப்படத்தின் சுவரொட்டி இன்னும் ஒட்டப்பட்டிருக்காது.

இந்நிலையை ஆராய அடுகோடி பொருத்தமான இடம். 1951-இல் நிறுவப்பட்ட மைக்கோ தொழிற்சாலையின் பெயரால் நெடுங்காலம் அறியப்பட்ட பகுதி அது. தமிழும் கன்னடமும் உருதும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிப்பது அங்கு இயல்பு. அதையொட்டிச் செல்லும் ஓசூர்ச் சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து தமிழ்நாட்டின் ஓசூரை அடைந்துவிடலாம். தடைக்காலங்களில் திரைப்படம் ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கும் ஓடாத இடத்துக்கும் இடையிலான தொலைவு அவ்வளவே. தமிழ்த் திரைப்பட விமர்சனத்தின் வரலாறு பெரும்பாலும் சென்னையின் பத்திரிகை அலுவலகங்களிலிருந்தே எழுதப்பட்டுள்ளது. பார்த்த படத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, 'பார்க்கலாம்', 'தேறாது' என்று தரம் பிரிக்கும் அன்றாட வழக்கத்தின் வரலாற்றை எழுத வேண்டுமாயின், எல்லையோரத்துப் பார்வையாளரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்வரலாற்றில் 1928 குறிப்பிடத்தக்க ஆண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நிகழ்வுகள் அவ்வாண்டில் நடந்தன. திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையிலான இந்தியத் திரைப்படக் குழு தன் அறிக்கையை அளித்தது. சென்னையில் எஸ்.எஸ். வாசன் 'ஆனந்த விகடன்' இதழை விலைக்கு வாங்கினார். நியூயார்க்கின் 'டெய்லி நியூஸ்' நாளிதழில் ஐரீன் திரர் என்ற பெண் விமர்சகர் ஜூலை இறுதியில் படங்களுக்கு நட்சத்திரக் குறியிடும் வழக்கத்தைத் தொடங்கினார். திரைப்படம் பற்றிய கருத்தை முதலாவது அரசின் ஆவணமாக்கியது. இரண்டாவது அதற்கு ஒரு தமிழ் அச்சு மேடையை அமைத்தது. மூன்றாவது அதை எண்ணாகச் சுருக்கியது. இன்று கைப்பேசியில் ஒருவர் ஒரு படத்துக்குப் பத்துக்கு ஆறு என்று இடுகையில் இம்மூன்றின் மரபும் அச்செயலில் கலந்திருக்கிறது.

ரங்காச்சாரியார் குழு லாகூர், கல்கத்தா, பம்பாய், சென்னை, ரங்கூன் முதலிய நகரங்களில் 353 சாட்சிகளை விசாரித்தது. பிரித்தானியப் பேரரசில் தயாரான படங்களுக்கு இந்தியச் சந்தையில் முன்னுரிமை அளிக்கலாமா என்பது காலனிய அரசின் உள்ளார்ந்த கேள்வி. குழுவின் பெரும்பான்மை உறுப்பினர்கள் அதை ஏற்கவில்லை. இந்தியப் பார்வையாளர்கள் இந்தியப் படங்களையே விரும்புகின்றனர் என்ற சாட்சியத்தை முன்வைத்தனர். அரசியல் நோக்கில் இது முக்கியமான மறுப்பு. எனினும் சாட்சியம் அளித்தோர் யாவர் என்ற கேள்வியும் எழுகிறது. அதிகாரிகள், திரையரங்க உரிமையாளர்கள், விநியோகஸ்தர்கள், கல்வியாளர்கள், பொதுவாழ்வுப் பிரமுகர்கள் ஆகியோரின் குரல்களே மிகுதி. தரை டிக்கெட்டில் அமர்ந்து படம் பார்த்தவர் எதை ரசிக்கிறார், எதனால் கெட்டுப்போகிறார் என்று பிறர் விரிவாகப் பேசினர். அவர் பேசியது பதிவானதாகக் காண்பது அரிது. இந்தியாவில் திரைப்படக் கருத்தின் ஆவணக் காப்பகம் இந்தச் சமனின்மையோடுதான் தொடங்குகிறது.

தமிழ்ப் பத்திரிகை விமர்சனத்தின் தொடக்கத்திலும் இதே சிக்கல் வேறு வடிவில் தென்படுகிறது. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதிவந்தார். இசைக்கும் நாடகத்துக்கும் பழகிய காதும் கண்ணும் கொண்டு அவர் திரைப்படத்தை அளந்தார். 1935-இல் வெளியான 'பக்த நந்தனார்' படத்தில் நடிக்க கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் அளிக்கப்பட்டது. அன்று நாடே வியந்த தொகை அது. அப்படத்தில் மரமும் எருமையும் ஆடும்தான் நன்றாக நடித்திருந்தன என்னும் பொருள்பட கல்கி எழுதிய எள்ளல் இன்றளவும் திரைவரலாற்று நூல்களில் நினைவுகூரப்படுகிறது. நகைச்சுவையைக் கடந்து நோக்கினால், பெரும் பணத்தின் முன் ஒரு பார்வையாளர் கூச்சமின்றித் தம் கருத்தைச் சொல்லலாம் என்ற உரிமையை அவ்வெழுத்து நிலைநாட்டியது புலப்படும். ஆயினும் அது சபா நாற்காலியிலிருந்து எழுந்த குரல். மேலும், 1940-களின் தொடக்கத்தில் வாசன் ஜெமினி ஸ்டூடியோவை நிறுவியபின், படம் எடுப்பவரும் படத்தை எடைபோடும் இதழின் உரிமையாளரும் ஒருவரே ஆனார். விமர்சனத்தின் சார்பின்மை குறித்த ஐயம் இணையக் காலத்தில் பிறந்ததன்று.

கருத்துக்கும் வசைக்கும் இடையிலான கோடு அழிந்தால் என்ன நேரும் என்பதற்கும் அக்காலமே சான்றளிக்கிறது. 'சினிமா தூது', 'இந்துநேசன்' ஆகிய இதழ்களை நடத்திய லட்சுமிகாந்தன் படங்களை விட்டுவிட்டு நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பொருளீட்டினார். 1944 நவம்பரில் அவர் கொலையுண்டார். அவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறையில் கழித்து, பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டின் விளைவாக 1947-இல் விடுதலை பெற்றனர். படத்தைப் பற்றிய கருத்து வேறு, படத்தில் நடித்தவரின் வாழ்க்கையைப் பற்றிய அவதூறு வேறு. இவ்வேறுபாடு இன்றைய விவாதங்களிலும் அடிக்கடி குழப்பப்படுகிறது.

தமிழ் மதிப்பீட்டு மரபின் தனிச்சிறப்பு விகடனின் மதிப்பெண் முறையே. நட்சத்திரத்தைத் தவிர்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் இட்டதில் ஒரு சமூக வரலாறு உள்ளது. பள்ளித் தேர்வில் 35 பெற்றால் தேர்ச்சி என்பது முதல் தலைமுறையாகக் கல்வி கற்ற தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் அறிந்த கணக்கு. விடைத்தாள் திருத்தும் ஆசிரியரின் கண்டிப்போடு இதழ் படத்தைத் திருத்தியது. பெரும்பாலான படங்கள் நாற்பதை ஒட்டியே நின்றன. அறுபதைத் தொடுவது அரிய சிறப்பு. 1977-இல் வெளியான பாரதிராஜாவின் '16 வயதினிலே' பெற்ற 62.5 மதிப்பெண் ஒரு பண்பாட்டு நினைவாகவே நிலைத்துவிட்டது. அந்த அரை மதிப்பெண்தான் இம்முறைக்கு நம்பகத்தன்மை அளித்தது எனலாம். அரை மதிப்பெண்ணை யோசித்துக் கொடுப்பவர் முழு மதிப்பெண்ணையும் யோசித்தே கொடுத்திருப்பார் என்று வாசகர் நம்பினார்.

அப்படம் கர்நாடகத்தின் கொள்ளேகால் வட்டாரத்தில் படமாக்கப்பட்டது. அதன் இயக்குநர் கன்னடத் திரையின் பெருங்கலைஞர் புட்டண்ண கனகாலிடம் உதவியாளராக இருந்தவர். அதில் பரட்டையாக நடித்த ரஜினிகாந்த் பெங்களூருவில் பேருந்து நடத்துநராகப் பணியாற்றியவர். தமிழ் மண்ணின் அசல் கிராமம் என்று கொண்டாடப்பட்டு உச்ச மதிப்பெண் பெற்ற படத்தில் கன்னட நிலமும் கன்னடக் கலைப்பயிற்சியும் கலந்திருந்தன. அச்சிட்ட மதிப்பெண்ணில் இதற்கு இடமில்லை. எண் ஒரு படத்தைத் தன் பிறப்பிடத்திலிருந்து பிரித்தெடுத்து ஒரே வரிசையில் நிறுத்துகிறது. ஒப்பிடும் வசதிக்கு அது தரும் விலை அது.

பெங்களூருவுக்குத் திரும்புவோம். பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் மொழிமாற்றம் செய்வதற்கு எதிராக 1960-களில் எழுந்த இயக்கத்தின் விளைவாக, சட்டத்தில் எழுதப்படாத ஒரு தடை அங்கு பல பத்தாண்டுகள் நிலவியது. இந்தியப் போட்டி ஆணையம் 2015-இல்தான் அதற்கு எதிராக ஆணையிட்டது. இத்தடையின் எதிர்பாராத விளைவு ஒன்றுண்டு. தமிழ்ப் படம் பெங்களூருவில் தமிழிலேயே ஓடியது. அதைக் கன்னடரும் தெலுங்கரும் உருது பேசுவோரும் தமிழிலேயே கண்டனர். ஆகவே அடுகோடி போன்ற பகுதியில் ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றிய வாய்மொழிக் கருத்து தமிழரின் கருத்தாக மட்டும் இருந்திருக்க இயலாது. வசனத்தின் நயத்தை ஒருவரும், பாட்டின் மெட்டை இன்னொருவரும், சண்டைக் காட்சியை வேறொருவரும் எடைபோட்டிருப்பர். சென்னையில் இடப்பட்ட மதிப்பெண் இவர்களுள் எவருக்காகவும் கணக்கிடப்பட்டதன்று.

இத்தகைய கூட்டுப் பார்வை அவ்வப்போது அறுபட்டது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை அடுத்து 1991 டிசம்பரில் நகரில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. 2000-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று நடிகர் ராஜ்குமார் வீரப்பனால் கடத்தப்பட்டு 108 நாள்கள் காட்டில் வைக்கப்பட்டிருந்தபோது தமிழ்ப் படக் காட்சிகள் தடைப்பட்டன. 2004-இல் ஏழு வாரக் கட்டுப்பாடு வந்தது. 2018 ஜூன் மாதம் 'காலா' வெளியானபோது, காவிரி குறித்த ரஜினிகாந்தின் பேச்சைக் காரணம் காட்டி எதிர்ப்பு எழுந்தது. பாதுகாப்பு அளிக்குமாறு கர்நாடக உயர் நீதிமன்றம் பணித்தும், பெங்களூருவின் பல அரங்குகள் முதல் நாள் காட்சிகளைக் கைவிட்டன. ரசிகர்கள் எல்லை கடந்து ஓசூருக்குச் சென்றனர். இத்தருணங்களில் 'படம் எப்படி?' என்ற சாதாரணக் கேள்விகூடச் சாதாரணமாக இருக்கவில்லை. பொதுவிடத்தில் எந்த மொழியில், எவ்வளவு உரக்க அதற்கு விடை சொல்வது என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு படத்தைப் பற்றிக் கவலையின்றிக் கருத்துச் சொல்வதற்கும் ஒரு சமூக அமைதி தேவைப்படுகிறது. அந்த அமைதி குலையும்போதுதான் அதன் மதிப்பு தெரிகிறது.

இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. படம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருகிறது. கருத்தைத் தாமதப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. கேரளத்தில் 2023-இல் ஓர் இயக்குநர் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் முதல் 48 மணி நேரத்துக்குக் காணொளி விமர்சனங்களைத் தவிர்க்குமாறு பரிந்துரைத்தார். 2024 நவம்பரில், 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்களைச் சுட்டி, திரையரங்க வளாகத்தில் ரசிகர் கருத்தைப் பதிவுசெய்ய யூடியூபர்களை அனுமதிக்கலாகாது என்று தமிழ்த் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று கோரியது. வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கையும் சென்னை உயர் நீதிமன்றத்தை எட்டியது. கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. 2025 டிசம்பரில் கன்னடப் படமான 'தி டெவில்' வெளியானபோது நுழைவுச்சீட்டு விற்கும் புக்மைஷோ செயலியில், நீதிமன்ற ஆணையின்படி மதிப்பீடும் விமர்சனமும் முடக்கப்பட்டுள்ளன என்ற அறிவிப்பு இடம்பெற்றது.

தயாரிப்பாளர் தரப்பின் அச்சத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பணம் பெற்று எழுதப்படும் புகழுரையும், படத்தைக் காணாமலே குவிக்கப்படும் ஒற்றை நட்சத்திரங்களும் உண்மையான கேடுகள். பல நூறு பேரின் உழைப்பு முதல் மூன்று நாள் வசூலில் தீர்மானிக்கப்படும் பொருளாதாரத்தில் ஒரு பொய்க் கருத்து நிஜ இழப்பை விளைவிக்கும். ஆயினும் இலட்சுமிகாந்தன் காலம் முதல் கிடைக்கும் படிப்பினை ஒன்றுதான். அவதூற்றையும் மோசடியையும் தண்டிப்பதற்குரிய வழி வேறு. பார்த்தவர் வாயை மூடுவது வேறு. பின்னதைச் செய்தால் பொய்யுரைத்தவரோடு மெய்யுரைத்தவரும் சேர்ந்தே மௌனமாக்கப்படுகிறார்.

வரலாற்று மாணவருக்கு இதில் இன்னொரு பொறுப்பும் உள்ளது. ரங்காச்சாரியார் குழுவின் சாட்சியத் தொகுதிகள் இன்றும் நூலகங்களில் கிடைக்கின்றன. கல்கியின் எள்ளலும் விகடனின் அரை மதிப்பெண்ணும் அச்சில் எஞ்சியுள்ளன. இரவுக் காட்சி முடிந்து ஓசூர்ச் சாலையில் நடந்து திரும்பிய தொழிலாளி தம் நண்பரிடம் அப்படத்தைப் பற்றிச் சொன்னது எங்கும் எஞ்சவில்லை. எம்.எஸ்.எஸ். பாண்டியனும் தியடோர் பாஸ்கரனும் தமிழ்த் திரையின் அரசியலையும் அழகியலையும் எழுதியபோது அவர்களுக்கு அந்தக் குரல் பெரும்பாலும் பாடல்கள், ரசிகர் மன்ற வெளியீடுகள், பத்திரிகைகள் வழியாக மட்டுமே கிடைத்திருக்க முடியும். இப்போதுதான், பிழைமலிந்த இரண்டு வரிகளாயினும், நாளும் நேரமும் குறித்து அக்கருத்துகள் பதிவாகத் தொடங்கியுள்ளன. அவை தனியார் நிறுவனங்களின் கணினிகளில் கிடக்கின்றன. ஓர் ஆணையாலோ வணிக முடிவாலோ ஒரே நாளில் மறையக்கூடியவை.

எனவே இன்று ஒருவர் போகிற போக்கில் இடும் 'பத்துக்கு ஆறு, இரண்டாம் பாதி இழுவை' என்ற குறிப்பை அற்பமென்று தள்ளுவதற்கில்லை. 1928-இல் 353 சாட்சிகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் வழித்தோன்றல் தரும் சாட்சியம் அது. திரைப்பட ஆய்வை மேற்கொள்ளும் மாணவர்கள் தத்தம் பகுதியின் இத்தகைய கருத்துகளை, எழுதியவரின் அடையாளத்தைக் காத்து, மொழியும் ஊரும் தேதியும் குறித்து இப்போதே தொகுக்கத் தொடங்குவது நன்று. பல மொழியினர் ஒரே படத்தை ஒரே அரங்கில் கண்ட அடுகோடி போன்ற பகுதிகளிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.