மோக்காக் காப்பியும் புதுவைக் குவளையும்

புதுச்சேரியைப் பற்றி எழுதுவோர் சிலர், பிரெஞ்சியர் அந்நகர்க்குக் காப்பியைக் கொணர்ந்தனர் என்றும், அதனால் பிற ஊரினர்க்கு முன்னரே புதுவைத் தமிழர் காப்பி பருகக் கற்றனர் என்றும் கூறுவர். இக்கூற்றின் முற்பகுதியில் ஓரளவு உண்மை உண்டு. பிற்பகுதி ஆராயத்தக்கது. ஒரு துறைமுகத்தில் ஒரு பண்டம் வணிகப் பொருளாவது வேறு. அத்துறைமுகத்து மக்கள் அதனை நாள்தோறும் நுகர்வது வேறு. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொண்டதனால் நேர்ந்த பிழையே ஈண்டு ஆராயப்படுகின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு வந்த காப்பி பெரும்பாலும் ஏமன் நாட்டு மலைச்சரிவுகளில் விளைந்தது. அதனைக் கப்பலேற்றிய துறை மோக்கா. பிரெஞ்சு இந்தியக் கும்பினி, பிரான்சு நாட்டில் காப்பி விற்கும் தனியுரிமையை 1723-இல் பெற்றது. உரிமை கைக்கு வந்தபின் மோக்காவில் தடையின்றிக் கொள்முதல் நடைபெறவேண்டும் அன்றோ? அதற்குப் புதுச்சேரியே தளமாயிற்று. மோக்காவின் ஆட்சியாளரிடமிருந்து வரவேண்டிய கடன் நெடுநாள் வாராதிருக்கவே, துய்மா ஆளுநராக இருந்த 1737-ஆம் ஆண்டில், லாகார்டு-சாசியே என்பார் தலைமையில் புதுவையிலிருந்து போர்க்கப்பல்கள் புறப்பட்டு அத்துறையைப் பீரங்கியால் தாக்கின. ஒரு குடிபொருளின் வணிகத்திற்காகப் புதுவைக் கரையிலிருந்து படை சென்ற நிகழ்ச்சி இது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்கியது 1736-இல் ஆதலின், இப்படையெடுப்பு அவர் எழுதத் தொடங்கியதற்கு மறு ஆண்டில் நிகழ்ந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

கும்பினி மோக்காவை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1715-இல் ஏமன் நாட்டுக் காப்பிச் செடிகள் இந்தியப் பெருங்கடலிலுள்ள புர்போன் தீவிற்குக் கொண்டுசெல்லப்பட்டன. இன்று ரெயூனியன் எனப்படுவது அத்தீவே. அங்குத் தோட்டங்கள் பெருகியபோது அவற்றில் உழைத்தவர் அடிமைகள். மடகாசுக்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்டோரே மிகுதி. ஆயினும் இந்தியக் கரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரும் அவருள் இருந்தனர். 1848-இல் அங்கு அடிமைமுறை ஒழிந்தபின் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் சென்றனர்; அப்போது காப்பியின் இடத்தைக் கரும்பு பெரிதும் கவர்ந்துகொண்டிருந்தது. காப்பியொடு நம் மக்களுக்கு அமைந்த முதல் தொடர்பினை ஆராய்வோர், குவளையைத் தேடுவதற்கு முன் இத்தோட்டங்களைத் தேடவேண்டும். இலங்கையின் கதையும் இதனையொத்ததே. அங்குக் காப்பித் தோட்டங்களில் உழைக்கக் கடல் கடந்த தமிழர், 1869-இல் இலைத்துரு நோய் தோன்றிக் காப்பி அழிந்தபின் தேயிலைக்கு மாறினர். பயிரை வளர்த்தோர் வேறு, பருகினோர் வேறு என்னும் நிலையே இரண்டிடத்தும் காணப்படுகின்றது.

இனி, மொழி தரும் சான்று ஒன்று உண்டு. அரபு மொழியின் ‘கஹ்வா’ துருக்கியில் ‘கஹ்வே’ ஆகி, இத்தாலி வழியே பிரெஞ்சில் ‘கஃபே’ என நின்றது. டச்சிலும் ஆங்கிலத்திலும் அச்சொல் இகரச் சாயல் பெற்று ஒலிக்கின்றது. தமிழில் வழங்கும் ‘காப்பி’ இப்பிற்கூறிய மரபினது. படைவீரனைச் ‘சொல்தா’ என்றும், பத்திரம் எழுதும் அலுவலரை ‘நொத்தேர்’ என்றும் பிரெஞ்சுச் சொல்லால் சுட்டப் பழகிய புதுவைத் தமிழ், நாள்தோறும் பருகும் குடிபொருளுக்குப் பிரெஞ்சுச் சொல்லைக் கொள்ளவில்லை. படையும் நீதிமன்றமும் பிரெஞ்சியரிடமிருந்து வந்தன; குவளை அவரிடமிருந்து வரவில்லை எனக் கருத இஃது இடந்தருகின்றது. சொல்லின் வடிவம் ஒன்றே முடிந்த சான்று ஆகாது. பிற சான்றுகளொடு பொருந்துவதனாலேயே அதனை ஈண்டுக் கூறினோம். ‘கபே’ என்னும் சொல் தமிழ்நாட்டில் பின்னர்ப் பரவியதும் கடையின் பெயராகவேயன்றிக் குடிபொருளின் பெயராக அன்று. (பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தைப் பாடிய காப்பியாற்றுக் காப்பியனாரைக் காட்டிச் சங்க காலத்திலேயே காப்பி இருந்ததென நகையாடும் மாணவர் எக்காலத்தும் உளர். அவர்க்கு விடை கூறவேண்டுவதில்லை.)

பிற சான்றுகள் யாவை? தமிழர் வீட்டில் காலைப்பொழுது நெடுங்காலம் நீராகாரத்திற்கும் பழஞ்சோற்றிற்கும் உரியதாக இருந்தது. ஊக்கம் தரும் பொருளாக வெற்றிலையும் பாக்கும் முன்னரே நிலைபெற்றிருந்தன. புதியதொரு பொருள் இவற்றை வெல்ல வேண்டுமாயின் மலிவாகவும் அண்மையிலும் கிடைத்தல் வேண்டும். சேர்வராயன் மலையில் 1820-ஆம் ஆண்டளவில் சேலம் மாவட்ட ஆட்சியர் காக்பர்ன் காப்பி பயிரிடச் செய்தார். மைசூர் மலைகளிலும் நீலகிரியிலும் தோட்டங்கள் விரிந்தன. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு இருப்புப்பாதை அமைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கடல்வழி வணிகப் பொருளாயிருந்த காப்பி, பின்னர் மேற்கிலுள்ள மலைகளிலிருந்து நிலத்தின் வழியே உண்பொருளாகப் புதுவைக்கு வந்தது எனக் கொள்ளுதலே பொருந்தும். பாலொடும் சருக்கரையொடும் கலந்து பருகும் முறையும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த காப்பிக் கிளப்புகளும், அவற்றிற் சிலவற்றில் நிலவிய சாதிப் பாகுபாடும் தமிழ்நாட்டு வரலாற்றிற்குரியன. ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-இல் வெளியிட்ட ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூல் இத்துறையில் பயில்வோர் தவறாது கற்கவேண்டியது.

அக்காலத்து எழுத்தாளர் பலர் காப்பியை ஒரு தீய பழக்கமெனக் கடிந்தனர். அவர் அச்சத்தை இன்று எள்ளி ஒதுக்குதல் எளிது. ஆயினும் அவர் கண்ட ஒன்று உண்மையே. காப்பி வெறும் குடிபொருள் அன்று. மருந்தின் தன்மையும் அதற்கு உண்டு. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமும் மருந்திற்கு ஓர் அதிகாரமும் வகுத்தது. கள்ளும் அன்றி, நோய்க்குரிய மருந்தும் அன்றி, நாள்தோறும் கொள்ளப்படும் இத்தகைய பொருள் அவ்விரண்டனுள்ளும் அடங்காது. செருமானிய வேதியியலார் ருங்கே 1819-இல் காப்பிக் கொட்டையிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். அவர்க்குக் கொட்டையைக் கொடுத்து ஆராயத் தூண்டியவர் கவிஞர் கேத்தே. இலக்கியத் துறையார் இச்செய்தியைக் கேட்டு மகிழ்தல் இயல்பே. 1821-இல் பிரான்சில் பெல்தியேவும் காவந்துவும் தனியே அதனைக் கண்டனர். ‘கஃபே’ என்னும் சொல்லடியாகவே அதற்குக் காஃபீன் என்னும் பெயர் அமைந்தது. தேயிலையிற் கண்ட ‘தேயின்’ வேறொரு பொருளெனக் கருதப்பட்டுப் பின்னர், 1838-இல், இரண்டும் ஒன்றே எனத் தெளியப்பட்டது. ஆதலின் காப்பியை விடுத்துத் தேநீர்க்கு மாறியவர் பொருளை விடவில்லை, அளவையே குறைத்தனர்.

அடினோசின் என்னும் பொருள் மூளையில் மிகுந்தோறும் துயில் உணர்வு மிகும். காஃபீன் அதற்குரிய இருக்கையில் தான் சென்று அமர்ந்துகொள்கின்றது. களைப்புத் தீர்வதில்லை, களைப்பின் அழைப்பு மட்டும் கேளாதொழிகின்றது. உட்கொண்டதிற் பாதி உடலினின்று நீங்க ஏறத்தாழ 5 மணி நேரம் செல்லும். கருவுற்ற மகளிர்க்கு அதனினும் மிகும். ஆதலின் மாலை 6 மணிக்குப் பருகிய காப்பி இரவு 11 மணிக்கும் பாதியளவு வேலை செய்துகொண்டிருக்கும். நாள்தோறும் பருகுவோர் திடீரென விடின் தலைவலியும் சோர்வும் தோன்றுதல் இயல்பு.

அளவு பற்றி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024-ஆம் ஆண்டு உணவு வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்கின்றது. 150 மில்லிலிட்டர் வடிகாப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை உண்டு என்பதும் அதன் கணக்கே. சிக்கரியில் காஃபீன் இல்லை. சிக்கரி கலந்த காப்பித்தூளில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. எனவே அவ்வெல்லையை ஒட்டிய கலவையைப் பருகுவோர், தனிக் காப்பி பருகுவோர் பெறும் அளவில் ஏறத்தாழப் பாதியே பெறுவர். உணவிற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பியும் தேநீரும் தவிர்க்கத்தக்கன என்றும் அவ்வழிகாட்டுதல் கூறும். அவற்றிலுள்ள துவர்ப்பொருள், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். சிற்றுண்டியொடு காப்பியையும் சேர்த்தே கேட்கும் நம் உணவு விடுதி வழக்கம் இவ்வகையில் ஏற்றதன்று. சோகை நோயுற்ற மகளிர்க்குச் சிறிதும் ஏற்றதன்று.

புற்றுநோய் பற்றிய அச்சமும் நெடுநாள் நிலவியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016-இல் காப்பியின்மேல் அப்பழி நிற்கப் போதிய சான்றில்லை எனக் கூறியது. ஆனால் 65 செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பருகும் எக்குடிபொருளும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என்று உடன் உரைத்தது. மோக்காவிலும் பாரிசிலும் காணப்படாத டபராவும், அதில் இருமுறை ஆற்றிப் பருகும் வழக்கமும், புதுவை நேரு வீதியில் இன்றும் காண்பன. பிரெஞ்சியர் காலத்தில் அவ்வீதி துய்ப்ளேயின் பெயரைத் தாங்கி நின்றது.