பன்னிரண்டு ஆண்டு மௌனம்

சென்ற மாதம் ஓசூரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். மாலையில் என்னைக் கெலவரப்பள்ளி அணைக்கரைக்கு அழைத்துப் போனார். வெளிநாட்டிலுள்ள மகனுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பியிருந்தார். பத்து நிமிஷமாகியும் பதில் இல்லை. மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பன்னிரண்டு வருஷம் சேதியே வராத ஒருவரின் கதையைச் சொல்லட்டுமா, ஸார்?" என்றேன்.

எதிரே கிடந்த தென்பெண்ணை, நந்தி மலையில் பிறந்து கடலூருக்கருகே கடலில் கலக்கிற நதி. அந்தச் சோழமண்டலக் கரைக்கு 1290-களின் தொடக்கத்தில் ஓர் இத்தாலியத் துறவி வந்தார். மாண்டெகோர்வினோ ஜான் என்று பெயர். தோமையார் கோயில் இருந்த ஊரில் பதின்மூன்று மாதம் தங்கினார். மயிலாப்பூர்தான் அது என்பது அறிஞர் கருத்து. உடன் வந்த பிஸ்டோயா நிக்கோலஸ் அங்கேயே இறந்தார். தோழரைக் கோயிலில் அடக்கம் செய்துவிட்டு ஜான் சீனம் போனார்.

இன்றைய பீஜிங்கான கான்பாலிக் நகரிலிருந்து, 1305 ஜனவரி 8-ம் தேதி லத்தீனில் ஒரு கடிதம் எழுதினார். கோயில் கட்டியதையும், சுமார் ஆறாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததையும் சொல்கிறார். ஆனால் என் மனத்தைத் தொட்டவை வேறு இரண்டு இடங்கள். போப்பாண்டவரிடமிருந்து பன்னிரண்டு ஆண்டாகச் சேதி இல்லையாம். வயது ஐம்பத்தெட்டுதான், ஆனால் முதுமையைவிட உழைப்பும் துன்பமுமே தலையை நரைக்க வைத்துவிட்டனவாம்.

அப்படிப்பட்டவர் கேட்டது என்ன? பொன்னா, பதவியா? வழிபாட்டுப் புத்தகங்கள்! மூலப் பிரதி ஒன்று கிடைத்தால் போதும், தாம் வளர்க்கும் பையன்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள் என்கிறார். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதிய நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நினைவுக்கு வரவில்லையா?

கடிதம் போய்ச் சேர்ந்தது. 1307-இல் போப் ஐந்தாம் கிளெமெண்ட் அவரைப் பேராயராக்கி, துணைக்கு ஆயர்களையும் அனுப்பினார். மூவர்தான் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள்.

இன்று அந்தக் கடிதத்தை நாம் படிப்பதும் யாரோ ஒருவர் பார்த்து எழுதிய புண்ணியத்தால்தான். பாரிஸ் தேசிய நூலகத்து லத்தீன் சுவடி ஒன்றில் அதன் பிரதி இருக்கிறது. எழுதிய கையும் வாங்கிய கையும் மறைந்துவிட்டன. இடையில் பொறுமையாக உட்கார்ந்து பிரதி எடுத்த கைதான் அந்த மனிதரின் நரைத்த தலையை நமக்குக் காட்டுகிறது.

அப்போது நண்பரின் கைப்பேசி ஒலித்தது. ஆவலோடு பார்த்தார்.

"சௌக்கியம் என்கிறான், ஸார். ஒரே வார்த்தை!" என்றார்.

சிறிது நேரம் கழித்து, "இதை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"அவசியம் எழுதி வையுங்கள்" என்றேன்.