‘பெறுபேறு இல்லை’ என்றால் ‘பதிவு இல்லை’ என்று அர்த்தமல்ல: தேடற்சுட்டியில் தவறும் பெயர்கள்

இரத்தினபுரி மாவட்டத்தில், ரக்வானைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தின் லயன் அறையில் அந்த அம்மாவைச் சந்தித்தேன். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு அவருடைய அண்ணன் குடும்பம் வவுனியாவுக்குப் போய், பின்னர் கிளிநொச்சியில் குடியேறியது. 2009க்குப் பிறகு அவர்களைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

“ஒங்க கம்பியூட்டர்ல அண்ணன் பேரு இருக்கான்னு பாரு தம்பி” என்றார். பெயரைத் தட்டினேன். ‘பெறுபேறு இல்லை’ என்று வந்தது. “அப்ப எங்கயுமே பதியலையா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இரண்டு வாரங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது: அண்ணனின் பிறப்புச் சான்றிதழின் பிரதி அந்த மடிக்கணினியிலேயே இருந்தது. அதைத் தேடலிலிருந்து மறையச் செய்தது எங்களுடைய பிழை. அதே பிழையை வேறு எவரும் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏன் இது முக்கியம்?

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு ஒவ்வொரு தாளும் ஓர் உரிமைப் போராட்டம். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரு நாடுகளுக்கிடையே பிரித்தது. 1977, 1981, 1983 வன்செயல்கள் சபரகமுவ தோட்டங்களிலிருந்து பலரை வடக்கை நோக்கித் துரத்தின. அங்கே அவர்கள் மீண்டும் போருக்குள் அகப்பட்டார்கள். ஆட்கள் வன்னியிலும் அவர்களுடைய பழைய ஆவணங்கள் இரத்தினபுரி, கேகாலை தோட்டங்களிலுமாக இருப்பது இதனால்தான்.

தோட்டக் குடும்பங்களிடம் மிஞ்சியிருக்கும் சான்றிதழ்களையும் கடிதங்களையும் அவர்களுடைய சம்மதத்துடன் ஸ்கேன் செய்து, தேடக்கூடிய தொகுப்பாக்க நாங்கள் சிலர் முயன்றோம். அதற்கு எடுத்துக்கொண்ட மென்பொருள் லூசின். டக் கட்டிங் என்பவர் 1999இல் உருவாக்கிய இந்தத் திறந்த மூல நூலகம் 2001இல் அப்பாச்சி அமைப்பின்கீழ் வந்தது. சோலர், எலாஸ்டிக்சேர்ச் ஆகிய தேடல் மென்பொருட்களும் இதன்மீது கட்டப்பட்டவையே.

சுட்டிப் புத்தகமும் பதிவேடும்

பழைய பிறப்புப் பதிவொன்றைத் தேடிப் பதிவாளரிடம் போனவர்களுக்கு லூசினைப் புரிந்துகொள்வது எளிது. அலுமாரியில் பதிவேடு இருக்கும். எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சுட்டிப் புத்தகம் தனியாக இருக்கும்.

லூசினில் ஓர் ஆவணத்தின் பெயர், தோட்டம், ஆண்டு போன்ற ஒவ்வொரு பகுதியும் ஒரு புலம். ஒரு புலத்தைச் சுட்டியிட்டால் அதன் சொற்கள் சுட்டிப் புத்தகத்தில் ஏறும். அதைக் கொண்டு தேடலாம். சேமித்தால் மூல உரை பதிவேட்டில் அப்படியே இருக்கும். அதைத் திரையில் காட்டலாம். இவை இரண்டும் தனித்தனித் தெரிவுகள். ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்காது.

அறிகுறிகளும் காரணங்களும்

1. தேடினால் ஆவணம் அகப்படுகிறது, ஆனால் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அந்தப் புலம் சுட்டியிடப்பட்டிருக்கிறது, சேமிக்கப்படவில்லை.

2. ஆவணத்தைத் திறந்தால் பெயர் தெரிகிறது, அதே பெயரைத் தேடினால் அகப்படவில்லை. சேமிக்கப்பட்டிருக்கிறது, சுட்டியிடப்படவில்லை. ‘ஸ்டோர்ட்ஃபீல்ட்’ வகையைப் பயன்படுத்தினால் இப்படித்தான் ஆகும்.

3. முழுப் பெறுமதியையும் தட்டினால் வருகிறது, ஒரு சொல்லை மட்டும் தட்டினால் வரவில்லை. ‘ஸ்ட்ரிங்ஃபீல்ட்’ வகை ‘இரத்தினபுரி மாவட்டம்’ என்பதை ஒரே சொல்லாகவே வைத்திருக்கும். சொல் சொல்லாகத் தேட ‘டெக்ஸ்ட்ஃபீல்ட்’ வேண்டும்.

4. திருத்திய ஆவணம் இரண்டு தடவை வருகிறது. ஆவண இலக்கம் சொற்களாக உடைக்கப்படும் புலத்தில் இருந்தால், பழைய பிரதியை லூசினால் அடையாளம் கண்டு நீக்க முடியாமல் போகலாம். இலக்கத்துக்கு ‘ஸ்ட்ரிங்ஃபீல்ட்’ தான் பொருத்தம்.

5. நேற்று அகப்பட்ட பெயர் இன்று அகப்படவில்லை. எங்களுக்கு நடந்தது இதுதான். லூசினில் ‘புதுப்பித்தல்’ என்பது பழைய ஆவணத்தை நீக்கிப் புதியதைச் சேர்ப்பது. ஒரு தோட்டப் பெயரின் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்காக ஆவணங்களைச் சுட்டியிலிருந்து எடுத்து, திருத்தி, திரும்ப எழுதினோம். எடுக்கும்போது சேமிக்கப்பட்ட புலங்கள் மாத்திரமே திரும்பி வந்தன. சான்றிதழின் முழு உரையைச் சுட்டியிட்டிருந்தோம், சேமித்திருக்கவில்லை. ஆகவே தோட்டத்தின் பெயர் சரியானது, அந்தத் தாளில் இருந்த மனிதர்களின் பெயர்கள் தேடலிலிருந்து போயின. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

எலாஸ்டிக்சேர்ச் மூல ஆவணத்தை இயல்பாகவே முழுமையாக வைத்திருக்கும். இடத்தை மிச்சப்படுத்த அதை அணைத்துவிட்டால் அங்கும் இதேபோன்ற சிக்கல் வரும்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள்

புலங்கள் சரியாக இருந்தும் பெயர் அகப்படாவிட்டால் எழுத்தைப் பாருங்கள். சில எளிய பகுப்பிகள் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. அவற்றின் கையில் ‘மலையகம்’ என்பது ‘மல’, ‘யகம’ என்று உடையும். ‘மலை’ என்று தேடினால் ‘மல்லிகை’யும் வரும். லூசினின் ‘ஸ்டாண்டர்ட்’ பகுப்பி இப்படி உடைப்பதில்லை. எதைத் தெரிந்தாலும், சுட்டியிடும்போதும் தேடும்போதும் ஒரே பகுப்பியைப் பயன்படுத்துங்கள்.

‘கொ’ என்பதன் குறியை யூனிகோட்டில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. எல்லா உரையையும் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றிய பிறகே சுட்டியிடுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளில் அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றை முதலில் யூனிகோட்டுக்கு மாற்றாவிட்டால் தமிழில் தேட முடியாது.

‘தோட்டம்’ என்று தேடினால் ‘தோட்டத்தில்’ அகப்படாமல் போகலாம். ‘தோட்ட’ என்ற முன்பகுதியைக் கொண்டு தேடுங்கள். பெயர்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். சபரகமுவவில் பல சான்றிதழ்கள் சிங்களத்தில் எழுதப்பட்டவை. அண்ணன் ‘இராமசாமி’, தம்பி ‘ராமசாமி’ என்று இருப்பது சாதாரணம். எல்லா வடிவங்களையும் ஒரு தனிப் புலத்தில் சேர்த்துச் சுட்டியிடுங்கள். தாளில் உள்ளபடியான வடிவத்தை மாற்றாமல் சேமியுங்கள்.

சரிபார்க்கும் ஒழுங்கு

முதலில் லூசினுடன் வரும் ‘லூக்’ என்ற கருவியில் சுட்டியைத் திறவுங்கள். எந்தப் புலம் சுட்டியிடப்பட்டது, எது சேமிக்கப்பட்டது, என்னென்ன சொற்கள் ஏறியிருக்கின்றன என்பதை அது காட்டும். நிச்சயமாக இருப்பதாகத் தெரிந்த ஒரு பெயரைத் தேடிப் பாருங்கள். புலத்தின் அமைப்பை மாற்றினால் பழைய ஆவணங்கள் தாமாக மாறமாட்டா. மூலக் கோப்புகளிலிருந்து முழுவதையும் மீண்டும் சுட்டியிட வேண்டும். ஆகவே மூலக் கோப்புகளை வேறிடத்தில் பத்திரமாக வைத்திருங்கள். சுட்டியை ஒருபோதும் ஆவணக் காப்பகமாக நம்ப வேண்டாம்.

சேமிக்காத புலம் இரகசியமானது என்றும் நினைக்க வேண்டாம். சுட்டியில் ஏறிய சொற்களை லூக்கைக் கொண்டு எவரும் வாசிக்கலாம். தேசிய அடையாள அட்டை இலக்கம், இப்போதைய முகவரி, சாட்சியமளித்தவரின் பெயர் ஆகியவற்றை அவசியமின்றி உள்ளே விடாதீர்கள். மடிக்கணினி களவுபோனால் அதனுடன் அவர்களுடைய பாதுகாப்பும் போகும்.

எங்களுடைய மூலக் கோப்புகள் வேறொரு வன்தட்டில் இருந்தன. அவற்றிலிருந்து மீண்டும் சுட்டியிட்டபோது அண்ணனின் பெயர் வந்தது. பிரதியை எடுத்துக்கொண்டு ரக்வானைக்குப் போனேன். அவர் எங்கே என்பதை அந்தத் தாள் சொல்லாது. இவர்கள் இருவரும் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள் என்பதை மட்டும் சொல்லும். காணாமற்போனோர் பற்றிய விசாரணைக்குப் போகும் ஒரு தங்கைக்கு அதுவும் தேவை.

எங்கள் திரையில் இப்போது ‘பெறுபேறு இல்லை’ என்று வருவதில்லை. ‘இந்தச் சுட்டியில் அகப்படவில்லை, மூல ஆவணங்களையும் பார்க்கவும்’ என்று வருகிறது.