வெளிநாட்டில் இருந்தபடி பணி: கோலாலம்பூரா, சியாங் மாயா? வாடகைக்கு முன் பார்க்க வேண்டியவை

மாத வாடகையை மட்டும் ஒப்பிட்டு வெளிநாட்டு நகரைத் தேர்வு செய்யும் தொலைநிலைப் பணியாளர்கள், அங்குச் சென்று இறங்கிய பிறகே விசா, வரி, பணிநேரம் குறித்த சிக்கல்களை உணர்கின்றனர். இந்தியாவிலிருந்து எளிதில் சென்றடையக்கூடிய மலேசியத் தலைநகர் கோலாலம்பூரையும், வடக்கு தாய்லாந்தின் சியாங் மாயையும் ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

சுற்றுலா அனுமதி, பணி அனுமதி அல்ல

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள்கள் தங்க அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆயினும் இது சுற்றுலாவுக்கான நுழைவு மட்டுமே. இதைக் கொண்டு மாதக்கணக்கில் தங்கிப் பணிபுரியத் திட்டமிடுவது ஆபத்தானது. எல்லையைக் கடந்து மறுநாளே திரும்பி வந்து மீண்டும் 30 நாள்கள் பெறலாம் என்ற யோசனையையும் நம்ப வேண்டாம். அனுமதிப்பதும் மறுப்பதும் குடிநுழைவு அதிகாரியின் முடிவே.

தொலைநிலைப் பணியாளர்களுக்கென 2022-இல் மலேசியா தொடங்கிய திட்டம் 'டீ ரந்தாவ்'. மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம் இதை நிர்வகிக்கிறது. 3 முதல் 12 மாதங்கள் வரை தங்கலாம். மேலும் 12 மாதங்களுக்குப் புதுப்பிக்கலாம். தகவல் தொழில்நுட்பத் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலர், அதாவது சுமார் 20 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும். பிற துறையினருக்கு இது 60,000 டாலர். இந்த வேறுபாடு பெரியது. மென்பொருள் பொறியாளருக்கு எட்டும் நகரம், மொழிபெயர்ப்பாளருக்கோ கணக்காளருக்கோ எட்டாமல் போகலாம்.

தாய்லாந்து 2024 ஜூலையில் அறிமுகப்படுத்திய டி.டி.வி. விசா வருமானத்தைவிடச் சேமிப்பையே முதன்மையாகப் பார்க்கிறது. 20 வயது நிறைந்தவர், 5 லட்சம் பாட் (ரூபாயில் 12 லட்சத்துக்கு மேல்) வங்கி இருப்பைக் காட்ட வேண்டும். விசா 5 ஆண்டுகள் செல்லும்; ஒவ்வொரு முறையும் 180 நாள்கள் தங்கலாம். தாய்லாந்து நிறுவனத்தில் வேலை செய்ய இதில் இடமில்லை.

இந்த 180 என்ற எண்ணில் கவனம் தேவை. ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாள்கள் தாய்லாந்தில் இருப்பவர் அந்நாட்டின் வரிக் குடியிருப்பாளர் ஆகிறார். அவர் ஈட்டும் வெளிநாட்டு வருமானத்தை அந்நாட்டுக்குள் கொண்டுவந்தால், 2024 ஜனவரி 1 முதல் அதற்கும் வரி உண்டு. மலேசியாவில் இந்த வரம்பு 182 நாள்கள். இந்தியாவிலோ நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அந்த ஆண்டில் 182 நாள்கள் இங்கு இருந்தவர் பொதுவாக இந்தியாவின் வரிக் குடியிருப்பாளரே. எனவே இரு நாடுகளும் ஒருவரையே உரிமை கொண்டாடும் நிலை ஏற்படலாம். இரட்டை வரி விதிப்பைத் தவிர்க்கும் ஒப்பந்தம் இரு நாடுகளுடனும் இந்தியாவுக்கு உண்டு. எனினும் புறப்படும் மாதத்தை முடிவு செய்வதற்கு முன்பே பட்டயக் கணக்காளரைக் கலந்தாலோசிப்பது நல்லது. பணி வழங்கும் நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலும் அவசியம்; ஊழியர் வேறு நாட்டில் அமர்ந்து பணிபுரிவது நிறுவனத்துக்கும் வரிச் சிக்கலை உண்டாக்கக்கூடும்.

கடிகாரம் சொல்லும் கணக்கு

கோலாலம்பூர் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னதாக உள்ளது. சியாங் மாய் ஒன்றரை மணி நேரம். இந்திய அலுவலகத்துக்குப் பணிபுரிவோருக்கு இது வசதியே. இங்குக் காலை 9.30 என்றால் கோலாலம்பூரில் நண்பகல் 12 மணி. லண்டன் நிறுவனம் என்றால் குளிர்காலத்தில் கோலாலம்பூரில் மாலை 5 மணிக்குத் தொடங்கும் பணி நள்ளிரவு 1 மணிக்கு முடியும். நியூயார்க் என்றால் இரவு 10 மணிக்குத்தான் தொடங்கும். அமெரிக்க வாடிக்கையாளரை நம்பியிருப்பவருக்கு இந்த இரு நகரங்களுமே ஏற்றவை அல்ல.

செலவும் பயணமும்

வாடகையில் சியாங் மாய் மலிவு. ஆனால் அங்கு மெட்ரோ ரயில் இல்லை. பகிர்ந்து செல்லும் சிவப்பு வண்டிகளையோ செயலி வழி வாகனங்களையோ நாட வேண்டும். பலர் இருசக்கர வாகனத்தை வாடகைக்கு எடுக்கின்றனர். இருசக்கர வாகனத்துக்குச் செல்லத்தக்க பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களும் காடுகளும் எரிவதால் நகரைப் புகை சூழ்கிறது. அந்நாள்களில் உலகின் மிக மாசடைந்த நகரங்களின் வரிசையில் சியாங் மாய் இடம்பெறுவது வழக்கம். ஆஸ்துமா உள்ளவர்கள் ஆண்டுக் குத்தகை எடுக்கும் ஊர் அது அன்று.

கோலாலம்பூரில் மெட்ரோவும் இலகு ரயிலும் ஏறத்தாழ நள்ளிரவு வரை இயங்குகின்றன. 50 ரிங்கிட் மாதச் சீட்டைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டு அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். வீட்டுக்கு முதல் மாத வாடகையுடன் இரண்டு மாத முன்வைப்புத் தொகையும், மின்சாரம், தண்ணீருக்காக அரை மாத வாடகையும் கேட்பது அங்குள்ள நடைமுறை. அதாவது சாவியைப் பெறும் நாளிலேயே மூன்றரை மாத வாடகை கையில் இருக்க வேண்டும். சென்னை, திருச்சியிலிருந்து நேரடி விமானங்கள் உள்ளன. சென்னையிலிருந்து பயணம் சுமார் 4 மணி நேரம். பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் தமிழிலேயே பேசி வீடு தேடலாம் என்பது தமிழர்களுக்குக் கூடுதல் ஆறுதல்.

எந்த நகரானாலும் இந்திய சிம் அட்டையில் ரோமிங் வசதியை ஊரிலேயே செயல்படுத்திவிட வேண்டும். வங்கியின் ஓடிபி வராவிட்டால் சொந்தப் பணத்தையே எடுக்க முடியாது.

பாதுகாப்பு என்றால் திருட்டு மட்டுமல்ல

தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை எனக் கூறி அழைத்துச் சென்று, எல்லை கடத்தி, மியான்மரின் இணைய மோசடி மையங்களில் இந்தியர்களை அடைத்து வைப்பது குறித்து 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. 2025 மார்ச் மாதத்தில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாய்லாந்தின் மே சாட் நகரிலிருந்து விமானப்படை விமானங்களில் மீட்டு வரப்பட்டனர். உண்மையான தொலைநிலைப் பணியாளருக்கு வேலை ஏற்கெனவே கையில் இருக்கும். விமானச் சீட்டும் தங்குமிடமும் தந்து, வேலையை அங்கு வந்த பிறகு சொல்கிறோம் என எவரேனும் அழைத்தால் புறப்படக் கூடாது.

தாய்லாந்தில் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155. மலேசியாவில் அவசர உதவிக்கு 999. மலேசியா 2024 ஜனவரி முதலும், தாய்லாந்து 2025 மே முதலும் டிஜிட்டல் வருகை அட்டையைக் கட்டாயமாக்கியுள்ளன. பயணத்துக்கு முந்தைய 3 நாள்களுக்குள் இதை அரசின் இணையதளத்தில் கட்டணமின்றி நிரப்பலாம். கட்டணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல.